மாமாவின் பெட்டியில் ஹைவிஷன் டிஸ்க்: போட்டுப் பார்க்க முடியுமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். ஜப்பானில் பல வருடம் வேலை பார்த்துத் திரும்பிய மாமா விட்டுப்போன அட்டைப்பெட்டியில், எல்பி ரெக்கார்டு அளவில் வெள்ளி நிற டிஸ்க்குகள் ஆறு கிடைத்திருக்கின்றன. நான்கு சாதாரண லேசர் டிஸ்க். மற்ற இரண்டின் அட்டையில் மட்டும் 'ஹைவிஷன் எல்டி' என்று இருக்கிறது (எல்டி என்றால் லேசர் டிஸ்க்). "புளூரே வருவதற்குப் பத்து வருடம் முன்பே வீட்டில் ஹெச்டி படமா? அதுவும் டிஜிட்டல் இல்லை, அனலாக் என்கிறார்களே, உண்மையா? பழைய எல்டி பிளேயர் ஒன்று வாங்கினால் இந்த இரண்டையும் பார்க்கலாமா?"

உண்மைதான். ஆனால் சாதாரண எல்டி பிளேயரில் அந்த இரண்டும் ஓடாது. டிஸ்க் சுற்றும், பிளேயர் கொஞ்ச நேரம் தடவித் தடவிப் பார்க்கும், படம் என்று எதுவும் வராது. ஓட வைக்க இரண்டு பெட்டிகள் வேண்டும். அந்த டிஸ்க்கைப் படிக்கத் தெரிந்த பிளேயர் ஒன்று. அது படித்துக் கொடுப்பதைப் படமாக மாற்றும் மியூஸ் டீகோடர் இன்னொன்று. பிளேயரைத் தேடிப் பிடித்துவிடலாம். ஆளைக் கவிழ்ப்பது டீகோடர்தான். நானும் கவிழ்ந்திருக்கிறேன், அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் 'டிஸ்க்கில் எப்படி அனலாக்' என்ற குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். லேசர், வெள்ளி டிஸ்க், நுண்ணிய குழிகள் என்றதும் எல்லாரும் சிடி மாதிரி டிஜிட்டல் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சிடியில் குழிகளின் நீளம் ஒன்பது அளவுகளில் ஏதாவது ஒன்றாகத்தான் இருக்க முடியும். இடைப்பட்ட அளவு என்று எதுவும் கிடையாது, அதனால்தான் அது எண். லேசர் டிஸ்க்கில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. வீடியோ சிக்னல் எஃப்எம் முறையில் ஓர் அலையின் அதிர்வெண்ணை ஏற்றி இறக்குகிறது. அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பக் குழிகள் நீண்டும் குறுகியும், நெருங்கியும் விலகியும் விழுகின்றன. எந்த நீளமும் வரலாம். எஃப்எம் ரேடியோவைக் குழியாக வெட்டி வைத்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 1978 டிசம்பரில் அமெரிக்காவின் அட்லாண்டாவில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோதும் அப்படித்தான், 1990களின் ஹைவிஷன் டிஸ்க்கிலும் அப்படித்தான். மாறியது குழிக்குள் வைத்த சிக்னல்.

அந்தச் சிக்னலின் கதை 1964 டோக்கியோ ஒலிம்பிக் முடிந்த கையோடு தொடங்குகிறது. ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்எச்கேவின் ஆய்வுக்கூடம், 'கலர் டிவி வந்தாயிற்று, அடுத்து என்ன?' என்று யோசிக்க ஆரம்பித்தது. திரையின் உயரத்தைப் போல மூன்று மடங்கு தூரத்தில் உட்கார்ந்து பார்த்தாலும் கோடுகள் கண்ணை உறுத்தக் கூடாது, படம் கண்ணை நிறைக்க வேண்டும். இதை வைத்துச் சோதனை மேல் சோதனை செய்து வந்து சேர்ந்த எண் 1125. அப்போது ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி படத்துக்கு 525 கோடுகள், ஐரோப்பாவிலும் நம் ஊரிலும் 625. 1125 என்பது 525இன் ஏழில் பதினைந்து பங்கு; 625இன் ஐந்தில் ஒன்பது பங்கு. இரண்டு உலகத்துக்கும் சுலபமாக மாற்றிக்கொள்ள வசதியான நடு எண். அதைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குக் கணக்கோடு கொஞ்சம் ராஜதந்திரமும் தெரிந்திருக்கிறது. 1125இல் கண்ணுக்குத் தெரிவது 1035 கோடுகள். நொடிக்கு 60 புலங்கள், அதாவது பாதிப் படங்கள்; ஒரு புலத்தில் ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்ததில் இரட்டைப்படை. இதற்கு வைத்த பெயர்தான் ஹைவிஷன். இந்த எண்ணின் மேல் எவ்வளவு பாசம் என்றால், நவம்பர் 25ஐ, அதாவது 11/25ஐ, ஹைவிஷன் தினமாகவே ஆக்கிவிட்டார்கள்.

படம் பிரமாதம், ஆனால் அனுப்புவது எப்படி? பழைய டிவி சிக்னலின் வெளிச்சப் பகுதி நாலு மெகாஹெர்ட்ஸ் சொச்சத்துக்குள் அடங்கிவிடும். ஹைவிஷனுக்கு அதுவே 20 மெகாஹெர்ட்ஸ் கேட்டது, நிறத்துக்குத் தனி. செயற்கைக்கோளின் ஒரு சேனலுக்கு இருந்த இடமோ 27 மெகாஹெர்ட்ஸ். அதிலும் எஃப்எம் முறையில் அனுப்பும்போது உள்ளே வைக்கும் சிக்னல் அதில் ஒரு சிறு பங்காகத்தான் இருக்க முடியும். யானையைக் கொண்டுபோய் ஆட்டுக்கொட்டகையில் கட்டுகிற வேலை. அதற்காக 1980களில் என்எச்கே உருவாக்கிய சுருக்கும் முறைதான் மியூஸ். மொத்தப் படத்தையும் 8.1 மெகாஹெர்ட்ஸுக்குள் மடக்கிவிட்டார்கள்.

மடக்கியது எப்படி என்று புரிந்துவிட்டால் உங்கள் டிஸ்க்கில் இருக்கும் படத்தின் அழகும் குறையும் சேர்ந்தே புரிந்துவிடும். வாசலில் இடுக்குப்புள்ளிக் கோலம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வரிசைப் புள்ளிகளுக்கு நேராக அடுத்த வரிசையை வைக்காமல், இடைவெளியில் வைத்துக்கொண்டே போவார்கள். மியூஸும் படத்தை அப்படித்தான் புள்ளி வைக்கிறது. ஆனால் எல்லாப் புள்ளியையும் ஒரே தடவையில் வைப்பதில்லை. முதல் சுற்றில் சில, அடுத்த சுற்றில் அவற்றுக்கு நடுவே சில என்று நான்கு சுற்றுகளில் வைத்து முடிக்கிறது. ஒரு சுற்று என்பது ஒரு புலம், அறுபதில் ஒரு நொடி. ஆக, முழுப்படம் சேர நான்கு புலம், பதினைந்தில் ஒரு நொடி ஆகிறது. டீகோடருக்குள் இருக்கும் மெமரி நான்கு சுற்றுப் புள்ளிகளையும் பிடித்து வைத்துக்கொண்டு கோலத்தை முடிக்கிறது.

வாசல் அசையாமல் இருந்தால் கோலம் முழுமையாக வரும். மலை, கட்டடம், மேசை மேல் பூச்சாடி எல்லாம் ஹைவிஷனின் முழுக் கூர்மையோடு நிற்கும். ஆனால் ஒருவர் குறுக்கே ஓடுகிறார் என்றால், மூன்று சுற்றுக்கு முன்னால் வைத்த புள்ளிகள் இப்போது பழைய இடத்தைக் காட்டுகின்றன, அவற்றைச் சேர்த்தால் பேய் மாதிரி நிழல் விழும். அதனால் அசையும் இடத்தில் டீகோடர் பழைய சுற்றுகளைத் தள்ளிவிட்டு, கையில் இருக்கும் ஒரே சுற்றின் புள்ளிகளை வைத்து மீதியை ஊகித்து நிரப்புகிறது. அந்த இடம் மட்டும் மங்கும். கேமரா மொத்தமாக ஒரு பக்கம் நகர்ந்தால் சமாளிக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். 'படம் முழுக்க இந்தத் திசையில் இவ்வளவு நகர்ந்திருக்கிறது' என்ற தகவலைப் புலத்துக்கு ஒன்றாக அனுப்பினார்கள், டீகோடர் பழைய புள்ளிகளை அதற்கேற்ப நகர்த்திவைத்துச் சேர்க்கும். ஒரே திசையில் நகர்ந்தால் சரி. கூட்டத்தில் நாலு பேர் நாலு பக்கம் ஓடினால் கைவிரித்துவிடும்.

இதை நான் கண்ணால் பார்த்தது கவாசாகியில், என்னோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் வீட்டில். அவர் போட்டது ஒரு கடற்கரைக் கிராமத்தின் காட்சிகள். ஓட்டு வீடுகளின் ஒவ்வோர் ஓடும் தனித்தனியாகத் தெரிந்தது. வெயிலில் காயப் போட்ட வலையில் கண்களை எண்ணியிருக்கலாம். எதிர்பார்ப்பு எதுவும் இல்லாமல் போய் உட்கார்ந்த எனக்கு, '1990களின் டிஸ்க்கா இது!' என்று இருந்தது. அப்புறம் ஒரு பையன் சந்துக்குள் ஓட, கேமராவும் தோளில் ஆடியபடி பின்னால் ஓடியது. சட்டென்று கண்ணாடியில் மூச்சு விட்டது போலப் படம் பூத்துப்போனது. பையன் நின்றான். ஒரு கணம், அதற்குள் சுவரின் விரிசல்கள்கூடத் திரும்பி வந்து உட்கார்ந்தன. இன்னொரு டிஸ்க்கில் ஹாலிவுட் படம் ஒன்று. அதில் படத்தோடு சேர்த்தே பதித்த ஜப்பானிய சப்டைட்டில் ஊசியால் கீறியது போலக் கூர்மையாக நிற்கிறது, அதற்குப் பக்கத்தில் திரும்புகிற முகம் குழைகிறது. எழுத்து அசைவதில்லை, முகம் அசைகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இப்போதும் மியூஸ் பற்றி யாராவது கேட்டால் எனக்கு முதலில் அந்த சப்டைட்டில்தான் ஞாபகம் வருகிறது.

இதனால்தான் 'அனலாக் ஹெச்டி' என்ற சொல்லைக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது. டீகோடரின் உள்ளே எல்லாம் எண்கள்தான். சுருக்கிய இடத்திலும் எண்கள்தான். ஆனால் நடுவில், டிஸ்க்கிலும் ஆகாயத்திலும், ஒவ்வொரு புள்ளியின் அளவும் வெறும் மின்னழுத்தமாகத்தான் போகிறது. நொடிக்கு 1.62 கோடிப் புள்ளிகள். வந்து சேர்ந்ததும் டீகோடர் மிகச் சரியாக அதே கணங்களில் அளந்தெடுக்க வேண்டும். நேரம் துளி பிசகினாலும், வழியில் சிக்னல் லேசாகக் குழைந்தாலும், பக்கத்துப் புள்ளியின் அளவு இதில் கலந்துவிடும், ஓரங்களில் பொருளின் பேய்க்கோடுகள் வரும். டிஜிட்டலில் ஒன்று கொஞ்சம் தேய்ந்து வந்தாலும் ஒன்றுதான். இங்கே 0.62 என்பது 0.60 ஆக வந்தால் அது 0.60தான். ஹைவிஷன் எல்டி பிளேயர்களில் இரும்பையும் மோட்டாரையும் கொட்டி வைத்ததற்கு இதுவே காரணம். ஒலி மட்டும் முழு டிஜிட்டல். படம் இல்லாத செங்குத்து இடைவெளியில் மூன்று மட்டத் துடிப்புகளாக அதை நுழைத்திருந்தார்கள். முன்னால் மூன்று, பின்னால் ஒன்று என நான்கு தடமாகவும் தரலாம், தரம் கூட்டி இரண்டு தடமாகவும் தரலாம்.

ஒளிபரப்பு 1989இல் தினம் ஒரு மணி நேரச் சோதனையாகத் தொடங்கி, 1991 நவம்பர் 25 முதல் தினம் எட்டு மணி நேரம் ஆனது. வீட்டு டிஸ்க் பிளேயர் வந்தது 1994 மே மாதம், பானசோனிக் முதலில். இங்கே ஒரு வேடிக்கை. அதே ஆண்டு பிப்ரவரியில் ஜப்பானியத் தபால் தொலைத்தொடர்பு அமைச்சகத்தின் மூத்த அதிகாரி ஒருவர், உலகம் டிஜிட்டல் பக்கம் போகிறது, நாமும் மியூஸை விட்டுவிட வேண்டும் என்கிற தோரணையில் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். டிவி தயாரிப்பாளர்கள் கொதித்துப்போனார்கள். மறுநாளே பேச்சைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அவர் சொன்னது தப்பே இல்லை, சொன்ன நேரம்தான் தப்பு. அமெரிக்காவில் 1990லேயே ஜெனரல் இன்ஸ்ட்ரூமென்ட் நிறுவனம் முழு டிஜிட்டல் ஹெச்டியை ஒரு சாதாரண டிவி சேனலுக்குள் அடக்கலாம் என்று அறிவித்திருந்தது. அன்றைக்கே மியூஸின் ஆயுள் எழுதியாகிவிட்டது. பிறந்த நாளிலேயே ஜாதகம் தெரிந்த குழந்தை இந்த ஹைவிஷன் எல்டி.

ஐரோப்பாவின் கதையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். ஜப்பானின் 1125ஐ உலகத் தரமாக ஏற்க 1986இல் மறுத்துவிட்டு, அவர்கள் தங்களுக்கென்று 1250 கோடுகளில் எச்டி-மேக் என்ற ஒன்றை உருவாக்கினார்கள். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கை அதில் காட்டினார்கள். அப்புறம் கைவிட்டார்கள். வீட்டுக்கு வந்து சேரவே இல்லை என்பதால் உங்கள் கேள்விக்கு அது வெளியே.

பிளேயர்கள் விஷயத்துக்கு வருவோம், உங்களுக்குத் தேவை இதுதான். சோனியின் எச்ஐஎல்-சி1, எச்ஐஎல்-சி2இஎக்ஸ் என்று இரண்டு. பானசோனிக்கின் எல்எக்ஸ்-எச்டி10, எல்எக்ஸ்-எச்டி20 என்று இரண்டு.  ஆனால் சேகரிப்பாளர்கள் உயிரை விடுவது பயனியரின் இரண்டு பெட்டிகளுக்கு: எச்எல்டி-எக்ஸ்9, அதற்கும் மேலே எச்எல்டி-எக்ஸ்0. எக்ஸ்0 முப்பது கிலோவைத் தாண்டும். ஒருவர் தனியாகத் தூக்கி மேசை மேல் வைத்தால் மறுநாள் இடுப்பு கேள்வி கேட்கும்.

இந்த இரண்டுக்கும் கிராக்கி வரக் காரணம் ஹைவிஷன் டிஸ்க் அல்ல என்பது ஒரு தமாஷ். சாதாரண எல்டி பிளேயரில் இருப்பது 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர். ஹைவிஷன் டிஸ்க்கில் தடங்கள் நெருக்கமாக இருப்பதால் இவற்றில் 670 நானோமீட்டர் சிவப்பு லேசரை வைத்தார்கள். ஒளிப்புள்ளி சிறியது, பக்கத்துத் தடத்தை எட்டிப்பார்க்காது. இதே ஒளிப்புள்ளியைச் சாதாரண எல்டி மேல் விட்டால், மற்ற பிளேயர்களில் தெரியும் பக்கத்துத் தடக் கசிவு இதில் காணாமல் போகிறது. கீறலும் லேசான அரிப்பும் உள்ள டிஸ்க்கைக்கூடச் சமாளித்து ஓட்டுகிறது. ஆக, ஹைவிஷனுக்கு என்று செய்த பெட்டி, உலகத்தின் மிகச் சிறந்த சாதாரண எல்டி பிளேயர் என்று பேர் வாங்கிவிட்டது. இப்போது அதை வாங்கி வைத்திருப்பவர்களில் பலர் மியூஸ் டிஸ்க்கைத் தொட்டதே இல்லை. உங்கள் மாமாவின் மற்ற நான்கு டிஸ்க்குகளுக்கும் இது பொருந்தும். ஹைவிஷன் பிளேயர் ஒன்று கிடைத்தால் ஆறும் அதிலேயே ஓடும்.

சரி, இப்போது என் சொந்த அசட்டுத்தனம். பிளேயர் கையில் வந்ததும் டீகோடர் தேடினேன். ஜப்பானிய ஏலத் தளம் ஒன்றில் 'மியூஸ்' என்ற எழுத்தோடு ஒரு பெட்டி, விலை மலிவு. விற்றவர் பொய் எதுவும் சொல்லவில்லை, நான்தான் முழுப் பெயரையும் படிக்காமல் பணம் கட்டினேன். வந்தது, இணைத்தேன், படமும் வந்தது. சந்தோஷத்தில் நண்பர்களைக் கூப்பிட்டுவிட்டேன். உட்கார்ந்து பார்க்கப் பார்க்க, 'சாதாரண எல்டி மாதிரிதானே இருக்கு?' என்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டது சரி. நான் வாங்கியது எம்-என் கன்வெர்ட்டர். மியூஸ் சிக்னலைக் கோடு குறைத்து, பழைய 525 கோட்டு என்டிஎஸ்சி படமாக்கிக் கொடுக்கும் பெட்டி. ஹைவிஷன் டிவி வாங்கக் கட்டுப்படியாகாதவர்கள், ஹைவிஷன் நிகழ்ச்சிகளைச் சாதாரண அகலத்திரை டிவியில் பார்ப்பதற்காக அன்றைக்குச் செய்தது. முழு டீகோடர் என்றால் 1125 கோட்டு காம்பொனென்ட் வெளியீடு, அதாவது வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனிக் கம்பியில் தரும் ஜாக்குகள், இருக்க வேண்டும். பெட்டியின் பின்பக்கப் படம் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். மஞ்சள் காம்போசிட் ஜாக்கும் எஸ்-வீடியோவும் மட்டும் தெரிந்தால் விலகி நில்லுங்கள்.

இன்னொரு வழி, டீகோடர் உள்ளேயே இருக்கும் ஜப்பானிய ஹைவிஷன் டிவி. கண்ணாடிக் குழாய் டிவி, எடை மலை. கப்பலில் வந்து சேர்வதற்குள் ஆயுள் போய்விடும். சொல்லி வைக்கிறேன், அவ்வளவே.

முழு டீகோடர் கிடைத்தாலும் இன்றைய டிவியோடு ஒரு சின்ன இழுபறி இருக்கிறது. அதன் வெளியீட்டில் மொத்தக் கோடுகள் 1125, இன்றைய ஹெச்டி வடிவமான 1080iக்கும் மொத்தம் 1125. கோடுகள் ஓடும் வேகமும் ஏறக்குறைய ஒன்றே. அதனால் காம்பொனென்ட் உள்ளீடு உள்ள பல டிவிகள் இதை 1080i என்றே நினைத்து ஏற்றுக்கொள்ளும், மேலும் கீழும் மெல்லிய கறுப்புப் பட்டை தெரியும். சில டிவி மறுக்கும். ஹைவிஷன் ஓடுவது நொடிக்குச் சரியாக 60 புலம். ஜப்பானிய, அமெரிக்க டிவி வழக்கமோ 59.94. இந்த மயிரிழை வித்தியாசத்தில் முரண்டு பிடிக்கும் மாற்றிப் பெட்டிகளையும் பார்த்திருக்கிறேன். புது டிவிகளில் காம்பொனென்ட் உள்ளீடே அரிதாகிவிட்டது. நடுவில் ஒரு நல்ல எச்டிஎம்ஐ மாற்றி தேவைப்படும், அதில் 1080i 60க்கு ஆதரவு உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊரில் வைத்து ஓட்டப்போகிறீர்கள் என்றால், எல்லாப் பெட்டியும் 100 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் ஒரே ஒரு தடவைதான் ஓடும். சரியான ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள், 110 வோல்ட் என்று போட்டு விற்பதை அல்ல. 50 ஹெர்ட்ஸ் பற்றிக் கவலை வேண்டாம், ஜப்பானின் கிழக்குப் பாதியே 50 ஹெர்ட்ஸ்தான். டீகோடர்களில் முப்பது வருடக் கெபாசிட்டர்கள் கசிந்து போர்டை அரித்திருக்கும். வாங்கிய உடனே ஆன் செய்து பார்க்கும் ஆசையை அடக்கி, விஷயம் தெரிந்த மெக்கானிக்கிடம் திறந்து காட்டுங்கள்.

டேப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அதைச் சொல்லாமல் விட்டால் பாதிக் கதைதான். டெக் எடுத்துக் கேசட் போட்டு விடிய விடியப் படம் பார்த்த தலைமுறைக்கு விஎச்எஸ் தெரியாமல் இருக்காது. அந்த விஎச்எஸ்ஸைக் கண்டுபிடித்த ஜேவிசி, அதே அளவுக் கேசட்டில், அதே அரை இஞ்ச் அகல டேப்பில், ஹைவிஷனைப் பதியும் டபிள்யூ-விஎச்எஸ்ஸைக் கொண்டுவந்தது. இதுவும் எல்டி வந்த அதே காலம். எச்ஆர்-டபிள்யூ1 என்பது முதல் டெக். இது மியூஸைப் பதிவதில்லை. டீகோடரிலிருந்து வெளியே வந்த, விரித்த ஹைவிஷன் படத்தையே வாங்கி, ஒவ்வொரு கோட்டிலும் நிறத்தை நேரத்தில் சுருக்கி வெளிச்சத்துக்கு முன்னால் ஒட்டி, இரண்டு தடங்களாகப் பிரித்து எழுதுகிறது. பழைய விஎச்எஸ் மாதிரி நிறத்தை வெளிச்சத்துக்கு அடியில் கலக்கிற வேலை இல்லை. நிறம் கசியாது. இரண்டு தடம் இருப்பதால், சாதாரண டிவி நிகழ்ச்சிகள் இரண்டை ஒரே நேரத்தில் ஒரே டேப்பில் பதியவும் முடிந்தது. பழைய விஎச்எஸ் கேசட்டும் அதில் ஓடும்.

பொறியியலாக எனக்கு எல்டியைவிட இதுதான் பிடிக்கும். டேப்புக்கு ஆகாயத்தின் நெருக்கடி கிடையாது, அதனால் நான்கு சுற்றுப் புள்ளி வித்தையும் தேவைப்படவில்லை. ஓடுகிற பையன் மங்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் பதிவதற்கு வீட்டில் என்ன இருந்தது? மியூஸ் ஒளிபரப்பு. அது டீகோடரைத் தாண்டி வரும்போதே பையன் மங்கித்தான் வந்தான். மங்கலை மிக நேர்மையாகப் பதிந்து வைத்தது டபிள்யூ-விஎச்எஸ். படங்களை வெளியிட்டு விற்றதோ எல்டியில். கொலம்பியா ஸ்டுடியோவை 1989இல் சோனி வாங்கியிருந்ததால் அதன் படங்கள் ஹைவிஷன் டிஸ்க்காக வந்தன. செயற்கைக்கோளுக்காகப் போட்ட சுருக்கத்தை, அந்தக் கட்டாயமே இல்லாத டிஸ்க்கும் சுமந்துகொண்டது. வீட்டில் ஏற்கெனவே மியூஸ் டீகோடர் வைத்திருப்பவரை நம்பித்தானே டிஸ்க் விற்க முடியும்? அவர்கள் மிகக் கொஞ்சம் பேர். ஆரம்பகால ஹைவிஷன் டிவி ஒன்றின் விலை பத்தாயிரம் அமெரிக்க டாலரைத் தாண்டியது. படம் இருந்த இடத்தில் முழுச் சிக்னல் இல்லை, முழுச் சிக்னலுக்கு இடம் இருந்த டேப்பில் படம் இல்லை. தோற்றதற்குக் காரணம் டிஜிட்டல் என்று எல்லாரும் சொல்வார்கள். டிஜிட்டல் வராமல் போயிருந்தாலும் இந்தச் சிக்கல் அப்படியேதான் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். ஜேவிசி 1998இல் டி-விஎச்எஸ் என்று டிஜிட்டலுக்குத் தாவியது. ஜப்பானில் டிஜிட்டல் ஹெச்டி ஒளிபரப்பு 2000 டிசம்பரில் தொடங்கியது. மியூஸ் ஒளிபரப்பை மட்டும் 2007 செப்டம்பர் 30 வரை விடாமல் ஓட்டினார்கள், வாங்கியவர்களை நடுத்தெருவில் விடாமல். அந்த மரியாதையை நான் மதிக்கிறேன்.

இப்போது உங்கள் இரண்டு டிஸ்க்குகளுக்கு என்ன செய்யலாம்? செலவு செய்து முழு செட்டையும் சேர்க்கும் எண்ணம் இல்லையென்றால், இன்னொரு பாதை சில வருடங்களாகத் திறந்திருக்கிறது. எல்டி-டீகோட் என்று ஆர்வலர்கள் எழுதிய மென்பொருள். பிளேயரின் லேசர் படித்த எஃப்எம் சிக்னலை, பிளேயரின் மற்ற மின்சுற்றுகளுக்குப் போகும் முன்பே கம்பி போட்டு எடுத்து, நொடிக்கு நான்கு கோடி மாதிரிகளாகக் கணினியில் சேமிக்கிறார்கள். அதற்கான டோம்ஸ்டே டூப்ளிகேட்டர் என்ற சிறு போர்டும் இருக்கிறது. பிபிசி 1986இல் லேசர் டிஸ்க்கில் வெளியிட்ட டோம்ஸ்டே திட்டத்தை மீட்கப் பிறந்தது, அதனால் அந்தப் பெயர். மியூஸ் கோலத்தை மென்பொருளிலேயே போட்டு முடிக்கும் வேலையையும் ஆர்வலர்கள் செய்திருக்கிறார்கள். அதாவது அபூர்வமான டீகோடர் பெட்டி இல்லாமலே முடியும். டிஸ்க்கைப் படிக்க ஹைவிஷன் பிளேயர் மட்டும் வேண்டும், அது உங்களிடம் இருக்க வேண்டும் என்பதில்லை, வைத்திருக்கும் ஒருவருடைய வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

அதற்கு முன்னால் டிஸ்க் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். எல்டி என்பது அலுமினியம் பூசிய இரண்டு அக்ரிலிக் தட்டுகளைப் பசை வைத்து ஒட்டியது. பசை வழியாகக் காற்று நுழைந்தால் அலுமினியம் அரிக்கும். விளிம்பை மட்டும் பிடித்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். கண்ணாடி மாதிரி சீராக இருந்தால் நல்லது. ஊசிக் குத்து மாதிரிப் புள்ளிகளோ, பழுப்பு மேகமோ தெரிந்தால் தள்ளிப்போடாமல் பதிவெடுக்க ஏற்பாடு செய்யுங்கள். படுக்க வைத்து அடுக்காதீர்கள், நேராக நிறுத்தி வையுங்கள், பரணில் வேண்டவே வேண்டாம். பெட்டியில் இன்னொரு முறை துழாவவும். ஹைவிஷன் டிஸ்க் வாங்கியவர் அதைப் போட்டுப் பார்க்கும் பெட்டி இல்லாமல் இரண்டு வாங்கியிருக்க மாட்டார். அடியில் எங்காவது மியூஸ் என்று எழுதிய கறுப்புப் பெட்டி ஒன்று கிடக்கலாம். கிடைத்தால் சுவிட்சைப் போட்டுவிடாமல், முதலில் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள்.